கால் மரத்துப் போனால் சும்மா இருக்காதீர்கள்

"முள் ஏறினதே தெரியலீங்க, பூட்சைக் கழட்டினப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்தேன்." இனிப்புநீர் உள்ளவர் இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். செம்பனை முள் குத்தியும் வலிக்கவில்லையென்றால் கால் உரமேறிவிட்டது என்று பொருளல்ல. நரம்பு கெட்டுவிட்டது என்று பொருள்.

நரம்பு ஏன் கெடுகிறது? பால்வெட்டுக் கத்தியை ஈரத்தோடு போட்டு வைத்தால் துருப்பிடிக்கிறதல்லவா? அது பிராணவாயு இரும்பைத் தின்கிற வேலை. உடம்பிலும் இதைப்போல ஒன்று நடக்கிறது.

நாம் தின்னும் சோறு சீனியாக மாறி, உயிரணுக்களுக்குள் பிராணவாயுவோடு சேர்ந்து எரிகிறது. அதனால்தான் நமக்குச் சக்தி. அடுப்பெரித்தால் புகை வருவதுபோல, அப்போது கேடு செய்யும் துணுக்குகளும் உண்டாகின்றன. சாதாரணமாக உடம்பே அவற்றை அடக்கிவிடும். இரத்தத்தில் சீனி மிகுந்தால் அது நரம்புக்குள்ளும் அளவில்லாமல் புகுந்துவிடும். துணுக்குகள் பெருகும், அவற்றை அடக்கும் சத்து குறையும். நரம்பும், அதற்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களும் பழுதாகும். பாதத்துக்குப் போகும் நரம்புதான் மிக நீளம். ஆகவே எரிச்சல், ஊசி குத்தல், மரப்பு எல்லாம் அங்கேதான் முதலில் தெரியும்.

இந்தத் துருவை நீக்குவதாகச் சொல்லி வைட்டமின் மாத்திரை விற்க வருவார்கள். கெட்ட நரம்பை அது மீட்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சீனியை அடக்குவதே வழி. இன்சுலின் போட்டே ஆகவேண்டிய முதல் வகை நோயாளிகள் 1,441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வந்தது. சீனியை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புக்கேடு 60 விழுக்காடு குறைந்திருந்தது. நம்மில் பலருக்கு உள்ள இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் கட்டுப்பாட்டை விடக்கூடாது.

மெட்ஃபோர்மின் மாத்திரை நெடுநாள் சாப்பிடுவோருக்கு பி12 வைட்டமின் குறையலாம். அதனாலும் கால் மரக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

• தினமும் மாலையில் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

• பூட்சை உதறிப் போடுங்கள். வாசலில்கூட வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

• சுடுதண்ணீரில் கால் வைக்காதீர்கள். காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள்.

• புண் சிறிதானாலும் அன்றே கிளினிக்கில் காட்டுங்கள். புகையிலையை விடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை நைலான் இழையால் தொட்டுப் பாதத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக்குக்குப் போக விடமாட்டேன் என்று யாராவது சொன்னால் சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். ஒருநாள் சம்பளம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். கால் போனால்?