கம்ப்யூட்டரில் பூ வரைந்தால் இதழ் ஏன் கோணுகிறது?



கோல அச்சு செய்து விற்கும் குழுக்களிலும், ஆரி வேலை எடுத்துச் செய்யும் குழுக்களிலும் டிசைனைக் கம்ப்யூட்டரிலேயே வரையப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "ஒரு இதழை அழகா வரைஞ்சிடுறோம். அதைக் காப்பி எடுத்துச் சுத்தி வைக்கும்போதுதான் கெட்டுப் போகுது. ஏன்?"

இது சின்ன விஷயம் இல்லை. ரவிக்கைத் துணி வாடிக்கையாளருடையது. கோணல் டிசைனைப் பட்டுத் துணியில் பதித்துவிட்டால் அந்தக் கறையை எடுப்பது எளிதல்ல. கோல அச்சு என்றால் தகடும் போகும், வெட்டுக் கூலியும் போகும். அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்வது இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருள். 2003-ல் வெளிவந்தது, இன்றும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். இதில் வரையும் கோடு கணக்காகப் பதிவாவதால், உள்ளங்கை அளவுப் பூவை வாசல் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது.

ஆறு இதழ்ப் பூ ஒன்று போடுவோம். முதல் இதழ் வரைந்தாயிற்று. அதைக் காப்பி எடுக்க கண்ட்ரோல் கீயோடு டி-யை அழுத்துகிறோம். திரையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்! உண்மையில் காப்பி வந்துவிட்டது. பழைய இதழின் மேலேயே, ஒரு மயிரிழை கூட நகராமல் உட்கார்ந்திருக்கிறது. பிரஸ் கடைகளில் கோரல் டிரா பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள், ஏனென்றால் அதில் கண்ட்ரோல்-டி போட்டால் காப்பி சற்றுத் தள்ளி விழும். இங்கே ஒன்றும் தெரியவில்லையே என்று நாலு தடவை அழுத்தினால், ஒரே இடத்தில் ஐந்து இதழ் அடுக்காக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாததுதானே என்று விடக் கூடாது. லேசர் இயந்திரம் ஐந்து கோட்டையும் ஐந்து முறை வெட்டும். ஓரம் கருகும். நிமிடக் கணக்கில் கூலி வாங்கும் கடை என்றால் செலவும் ஏறும்.

அடுத்தது சுற்றுவது. ஏற்கெனவே தேர்ந்தெடுத்த இதழை நிதானமாக இன்னொரு முறை கிளிக் செய்தால், மூலைகளில் வளைந்த அம்புகள் வரும். அவசரமாக இரட்டைக் கிளிக் செய்தால் இதழைத் திருத்தும் வேலைக்குள் போய்விடும், அம்புகள் வராது. அம்புகள் வந்ததும் இதழின் நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி தெரிகிறதா பாருங்கள். பாதிப் பிரச்சினைக்குக் காரணம் இந்தக் குறிதான். இதழ் எதைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்பதை அது சொல்கிறது. ஆட்டுக்கல்லுக்குக் குழவி எப்படியோ, அப்படி நடுவிலேயே இருந்தால் இதழ் தன் இடத்திலேயே சுழலுமே தவிர பூ ஆகாது. குறியை மவுஸால் பிடித்து இழுத்து, பூவின் நடுப்புள்ளி எங்கே வர வேண்டுமோ அங்கே வைக்க வேண்டும். தவறான இடத்தில் விட்டுவிட்டால் ஷிப்ட் கீயோடு அதைக் கிளிக் செய்யுங்கள், மறுபடி நடுவுக்கே வந்துவிடும்.

கோல அச்சு செய்கிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறியைச் சரியாக இதழின் நுனியில் வைத்தால் ஆறு நுனியும் ஒரே புள்ளியில் கூடும். வெட்டும்போது தகட்டின் நடுப்பகுதிக்குப் பிடிமானம் இருக்காது, ஒடிந்துவிடும். நுனிக்குக் கீழே அரை சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். துணிக்கான டிசைனுக்கு இந்தக் கவலை இல்லை.

இதழுக்குள் நரம்பு, புள்ளி என்று தனித்தனியாக வரைந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்-ஜி அழுத்தி முதலில் ஒரே கட்டாக்கி விடுங்கள். அதற்குப் பிறகுதான் குறியை நகர்த்த வேண்டும். முன்னாடியே நகர்த்தினால் கட்டுக்குப் புதிதாக ஒரு நடுப்புள்ளி வந்து, செய்த வேலை வீணாகும்.

கையால் அம்பைப் பிடித்துச் சுற்றினால் கண்ணளவுதான். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு சுற்றினால் 15 பாகை வீதம் நின்று நின்று திரும்பும். விரல் தவறி ஷிப்டில் பட்டால் நாம் வைத்த குறியை விட்டுவிட்டு எதிர் மூலையைச் சுற்றி இதழ் ஓடிவிடும். பயப்பட வேண்டாம், கண்ட்ரோல்-இசட் போட்டால் பழையபடி ஆகிவிடும். எங்களைக் கேட்டால், கையால் சுற்றுவதை விட எண் கொடுத்துச் சுற்றுவதுதான் நம்பகமானது. ஆப்ஜெக்ட் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், அதில் ரொட்டேட். முழுச் சுற்று 360 பாகை, ஆறு இதழுக்கு வகுத்தால் 60. அந்த இடத்தில் 60 என்று எழுதிக்கொள்ளுங்கள். இனி கண்ட்ரோல்-டி ஒரு தடவை, அப்ளை ஒரு தடவை. இப்படி ஐந்து முறை செய்தால் போதும். முதல் இதழ்தான் ஏற்கெனவே இருக்கிறதே.

இதிலும் ஒரு குழப்பம் வரும். இரண்டாவது காப்பிக்கு 120, மூன்றாவதுக்கு 180 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு காப்பியும் கடைசியாக வைத்த இதழிலிருந்து எடுக்கப்படுகிறது. 60-ல் நிற்கும் இதழை 120 திருப்பினால் 180-க்குப் போகும். அதை மேலும் 180 திருப்பினால் முதல் இதழின் மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். இப்படியே முடித்தால் ஆறு இதழில் நாலுதான் கண்ணில் படும், இரண்டு இடத்தில் இரட்டையாக இருக்கும். அதனால் கடைசி வரை 60-ஐ மாற்றவே கூடாது.

ஏழு இதழ் என்றால் 51 என்று முழு எண்ணாகப் போடாதீர்கள். ஏழு ஐம்பத்தொன்று 357 தான், கடைசியில் 3 பாகை இடைவெளி கூடுதலாகத் தெரியும். 51.43 என்று புள்ளியோடு போட்டால் சரியாக வரும்.

வரைந்து முடித்ததும் கண்ட்ரோல்-ஏ அழுத்திவிட்டுத் திரையின் அடி ஓரத்தைப் பாருங்கள். எத்தனை உருவம் தேர்வாகியிருக்கிறது என்று எழுதியிருக்கும். ஆறு இதழ் மட்டும் இருந்தால் 6 என்று வர வேண்டும். கூடுதலாக வந்தால் எங்கோ இரட்டை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு இதழாகக் கிளிக் செய்து டெலீட் கொடுங்கள். அழித்த பிறகும் இதழ் அங்கேயே தெரிந்தால் அது இரட்டை, ஒன்று போனது நல்லதுதான். இடம் காலியானால் கண்ட்ரோல்-இசட் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வெட்டுக் கடைக்குப் போகும் முன் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் இதழ்கள் இரண்டின் நடுக்கோடு வழியாகத் தாளை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரு பக்க இதழ்களும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தினால் தகட்டைக் கொடுக்கலாம். பொருந்தவில்லை என்றால் இரண்டே காரணம்தான். நீங்கள் வரைந்த முதல் இதழே இரு பக்கமும் சமமாக இல்லாமல் இருக்கும், அல்லது நடுவில் எங்கோ கூட்டல் குறி நகர்ந்திருக்கும்.