வார்டுக்கு வந்த தள்ளுவண்டி

மருத்துவ மாணவர்கள் ஆய்வு ஆதாரங்களைத் தேடிப் படிக்கப் பழக வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. எங்கே பழக்குவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் மருத்துவர்கள் டேவிட் சாக்கெட்டும் ஷாரன் ஸ்ட்ராஸும் கணினியையும் ஆய்வுத் தொகுப்புகளையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி உள்நோயாளிகள் பிரிவுக்கே கொண்டுவந்தார்கள். 1998இல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, வண்டி இருந்தவரை தேடல் மும்முரமாக நடந்தது. சில சிகிச்சை முடிவுகள் அதனால் மாறின. வண்டியை எடுத்த பிறகு 41 முறை ஆதாரம் தேவைப்பட்டும் மருத்துவக் குழுவினர் 5 முறைதான் தேடினார்கள். தேடத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். ஆனால் நோயாளியின் பக்கத்தில் எழும் கேள்விக்கு ஆயுள் குறைவு. ஒரே குழுவில் நடந்த சிறிய ஆய்வு இது, உண்மைதான். ஆனால் 23 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வந்த கட்டுரையும் இதையே சொன்னது: தனி வகுப்பு அறிவை மட்டும் வளர்க்கிறது, வார்டுப் பணியோடு சேர்த்துக் கற்றால்தான் திறமையும் நடத்தையும் மாறுகின்றன.

அனுபவம் மிக்க பேராசிரியர் இருக்கும்போது தேடல் எதற்கு என்பார்கள். ரத்த ஓட்டம் குன்றிய குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது நல்லது என்பது நெடுநாள் நம்பிக்கை. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு வந்த 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அப்படி ஏற்றாத குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம், ஏற்றியவர்களில் 10 சதவீதத்துக்கும் மேல். நூற்றுக்கு மூன்று என்ற இந்த வித்தியாசம் எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் தனியொரு வார்டில் புலப்படாது.

கையில் செல்பேசி இருக்கிறதே, வண்டி எதற்கு என்ற கேள்வி இன்னும் வலுவானது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். செயற்கை நுண்ணறிவோ நொடியில் விடை தருகிறது. ஆனால் விடை கிடைத்தால் மட்டும் போதாது. மேலே சொன்ன திரவ ஆய்வில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை; அது நடந்த மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டு, நீர் வற்றித் துவண்டு கிடக்கும் குழந்தைக்குத் திரவத்தை நிறுத்தும் மாணவர் உயிருக்கே உலை வைப்பார். யாரிடம் சோதித்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், நம் படுக்கையில் இருப்பவர் அந்தக் கூட்டத்தில் சேர்வாரா என்று கேட்கும் பழக்கத்தைக் கருவி தராது. “இதற்கு ஆதாரம் என்ன சார்?” என்று வார்டில் ஒரு மாணவி கேட்டால் முகம் சுளிக்காமல், அவளோடு சேர்ந்து திரையைப் பார்க்கும் ஆசிரியரிடமிருந்துதான் அந்தப் பழக்கம் வரும். அத்தகைய ஆசிரியர்களை உருவாக்குவது, கணினி வாங்குவதைவிடச் செலவு பிடிக்கும் வேலை.