தீவுக்கு எந்த வாள்?

ஜேர்மனியின் ஸ்டில் கம்பனி செய்யும் எம்.எஸ். 271, எம்.எஸ். 261 என்ற இரண்டு சங்கிலிவாள்களுக்கும் எஞ்சின் ஒரே அளவு: 50.2 சிசி. ஆனால் 271இன் நிறை 5.6 கிலோ, வலு 2.6 கிலோவாட். 261 ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு, வலுவோ ஏறத்தாழ 3 கிலோவாட். பாரம் குறைந்ததுதான் பலம் கூடியது. விலையும் அதற்கே கூட. முன்னையது தோட்ட ரகம். பின்னையது நாள் முழுக்க மரம் தறிப்பவருக்கான தொழில் ரகம். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ விறகுக்கு வாள் வாங்குபவர் எதை எடுப்பது?

தோட்ட ரகத்தில் எஞ்சின் தனிக் கட்டாக பிளாஸ்திக் உடலுக்குள் பூட்டப்பட்டிருக்கும். தொழில் ரகத்தில் மக்னீசியத்தில் வார்த்த எஞ்சின் கூடே வாளின் உடல். மக்னீசியம் அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாரம் குறைந்தது. தொழில் ரகத்தில் சிலிண்டர் பழுதானால் அதை மட்டும் கழற்றலாம். தோட்ட ரகத்தில் எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும்.

அடுப்புக்கு மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம் என்பேன். காவோலை, பனைமட்டை, ஊமல், பொச்சு, தென்னம்பாளை எதற்கும் வாள் தேவையில்லை. வேலிப் பூவரசோ வேப்பங்கிளையோ விழுந்தால் வாள் வைத்திருப்பவரைக் கூலிக்குக் கூப்பிடுவதே மலிவு. சும்மா கிடக்கும் வாள்தான் விரைவில் கெடுகிறது. எண்ணெய் கலந்த பெற்றோல் மாதக்கணக்கில் தாங்கியில் கிடந்தால் பழுதாகி, காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

அப்படிக் கூப்பிடப்படுபவருக்குத் தொழில் ரகம் நியாயமானது. நாள் முழுக்கக் கையில் தூக்குபவருக்கு முக்கால் கிலோ சின்ன விஷயமில்லை. ஆனால் 261இன் புதிய வகைகளில் எரிபொருள் கலவையை மின்னணுச் சாதனம் தானே சீராக்குகிறது. அது பிழைத்தால் கண்டுபிடிக்க விற்பனையாளரின் கருவி வேண்டும். குறிகாட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் வந்து, பிறகு யாழ்ப்பாணத்துக்கும் போக வேண்டிய நெடுந்தீவுக்காரருக்கு, திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யும் பழைய பாணிக் காபரேற்றரே கைகொடுக்கும்.

உண்மையில் தீவுகளில் வாளின் ரகத்தைவிடச் சங்கிலியே பெரிய கேள்வி. இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவம் ஒரு புழுவிடம் கற்றது. 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்ற மரந்தறிப்பவர், வண்டின் புழு மரத்தின் நாரோடும் நாருக்குக் குறுக்காகவும் ஒரேபோல அரித்துச் செல்வதைக் கண்டு, அதன் வளைந்த தாடையைப் பார்த்துப் பல்லை வடிவமைத்தார். சிவப்பு வண்டின் புழு தென்னையை உள்ளுக்குள் என்ன செய்யும் என்று அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

அந்தப் பல்லுக்குப் பனை கொடிய எதிரி. பெரும்பாலான மரங்களில் வைரம் நடுவில். பனையில் வெளிப்புறத்தில், உள்ளே மெத்தென்ற சோறு. பனை இனத்தின் நார்களை ஒட்டி நுண்ணிய சிலிக்காத் துகள்கள் உண்டு. மணலின் சரக்கும் சிலிக்காதான். கடற்காற்று மரப்பட்டையில் அப்பிய மணலும் சேர்ந்தால் சங்கிலி மொட்டையாகிவிடும். கூர்முனைப் பல்லைவிட முனை சற்று உருண்ட பல் உள்ள சங்கிலி இங்கே அதிக நேரம் தாங்கும். வாளிலிருந்து மரச்சீவல் வராமல் மாப்போன்ற தூள் வந்தால் உடனே நிறுத்தி அரம் போட வேண்டும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் உருண்டை அரம்.

இன்னொன்றும் உண்டு. வேலி மரம் வளர வளர முட்கம்பியை உள்ளே விழுங்கிக்கொள்ளும். யுத்தத்தில் தப்பி நின்ற மரங்களுக்குள் செல் துண்டுகளும் துவக்குக் குண்டுகளும் புதைந்திருக்கலாம். நொடிக்கு 20 மீற்றருக்கு மேல் ஓடும் சங்கிலி இரும்பில் பட்டால் பல் போகும். எந்த ரக வாளானாலும் அதேதான். முன்னாள் முகாம்களை ஒட்டி நின்ற மரமென்றால் உலோகம் தேடும் கருவியால் ஒருதடவை பார்ப்பது நல்லது.

எரிபொருள் விடயத்தில் யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலே வராத நாட்களையும், 2022இல் கானில் ஊற்றித்தர மறுத்த நிலையங்களையும் கண்டவர்கள். இந்த வாளுக்கு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய் கலக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை வெளியே ஊற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.

சாரமும் செருப்புமாக வாள் பிடிப்பது நம்மூரில் சாதாரணம். சங்கிலி சுற்றி ஓடும் தகட்டின் மேல்முனை மரத்தில் முட்டினால் வாள் பின்னால் எகிறி முகத்துக்கு வரும். அதனால் விறகுக்கு வாள் வாங்கியே ஆக வேண்டுமென்றால் தோட்ட ரகத்தை எடுத்து, மிச்சப்படும் காசில் கால்கவசமும் சப்பாத்தும் வாங்கலாம். சட்டத்தையும் மறக்கக் கூடாது: 2019இல் சங்கிலிவாள்களைப் பதியும்படி அரசு அறிவித்தது. பனை தறிக்கவும் அனுமதி வேண்டும். படகேறுமுன் இரண்டு உபரிச் சங்கிலி, ஒரு தீப்பொறிச் செருகி, ஒரு காற்றுவடிகட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.