ஆடவைக்கும் 3 ஹிப் ஹாப் பாடல்கள்... அதில் ஒன்று பாட்டியின் கதை!

காட்பாடியில் சென்னை ரயிலைப் பிடித்தால், வழியில் வரும் ஜங்ஷன் அரக்கோணம். ராப் பாடகர் அறிவின் சொந்த ஊர். தமிழ் ஹிப் ஹாப் ரசிகர்களுக்கு 2021 மறக்க முடியாத வருடமானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வருடம் துள்ளவைத்த மூன்று பாடல்கள் இதோ...

வாத்தி ரெய்டு: பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' படப் பாடல். அறிவு எழுத, இசையமைத்த அனிருத்தும் அவரும் சேர்ந்து பாடினார்கள். காலைச் சோம்பலை விரட்ட இது போதும்.

நீயே ஒளி: 'சார்பட்டா பரம்பரை'க்காக சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. கனடாவாழ் தமிழர்களான ஷான் வின்சென்ட் டி பால், நவ்ஸ்-47 ராப்பில் மிரட்டினார்கள். துவண்டவரையும் எழுப்பிவிடும்.

என்ஜாய் எஞ்சாமி: தீயும் அறிவும் மார்ச்சில் தந்த இந்தப் பாட்டு சினிமாவுக்கானது அல்ல. ஆனாலும் யூடியூபில் பல கோடி முறை பார்க்கப்பட்டது. இதன் வேர், அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, சொந்தமாக நிலமின்றித் தமிழகம் திரும்பியவர்.

இவ்வளவு வலிக்கு இவ்வளவு துள்ளலா? சாவு வீட்டிலும் பறையடித்து ஆடும் ஊர்தானே நம்முடையது! அழுகையைத் தாளத்தில் ஏற்றுவது நமக்குப் புதிதல்ல.

ஆடி முடித்ததும் வரிகளுக்காக இன்னொரு முறை கேளுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அவரிடமும் சொல்ல ஒரு கதை இருக்கும்!