ஆகாயத்தில் கைக்குழந்தை!
தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் குன்றாண்டார்கோவில் என்ற ஊர் இருக்கிறது. குன்றைக் குடைந்து செய்த பழைய சிவன் கோவில் அங்கு உண்டு. கோவிலின் நூற்றுக்கால் மண்டபம், குதிரைகள் பூட்டிய தேர் போலக் கல்லில் அமைந்திருக்கிறது.

கல் தேர் நகராது. ஆனால், அந்த வட்டாரத்து மக்கள் கடல் கடந்து போவார்கள். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து சிங்கப்பூர், மலேசியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம்.

அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் "ரஜுலா" கப்பல் ஏறுவார்கள். சிங்கப்பூர் போய்ச் சேரச் சுமார் ஒரு வாரம் ஆகும். இப்போது கீரனூர் வழியாகத் திருச்சி விமான நிலையம் போனால் போதும். விமானம் ஏறிய நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர்!

பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண், கைக்குழந்தையுடன் கணவரிடம் திரும்புவது இன்று சாதாரணம். "பச்சைப் பிள்ளையை ஆகாயத்தில் கொண்டு போகலாமா?" என்று பாட்டி கேட்பதும் சாதாரணம். பாட்டியின் கேள்வி நியாயமானதே!

எப்போது போகலாம்?

பிறந்து 48 மணி நேரம்கூட ஆகாத சிசுவை விமானத்தில் கொண்டு போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. ஒரு வாரமாவது பொறுப்பது நல்லது. இரண்டு, மூன்று மாதம் ஆகட்டும் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. குறைமாதக் குழந்தை, இருதயக் கோளாறு அல்லது மூச்சுக் கோளாறு உள்ள குழந்தை என்றால், டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் வாங்கக்கூடாது.

குழந்தைக்கும் பாஸ்போர்ட்!

தாயின் பாஸ்போர்ட்டில் குழந்தை பயணம் செய்ய முடியாது. பிறந்த குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். பிறப்புச் சான்றிதழும், தாய் தந்தை இருவரின் சம்மதமும் அதற்குத் தேவை. அது 5 வருஷம் செல்லும். ஆகவே, பிறப்பைப் பதிவு செய்வதைத் தள்ளிப் போடக்கூடாது.

இரண்டு வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். வெளிநாட்டுப் பயணத்தில், பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு வாங்குவது பல கம்பெனிகளின் வழக்கம். ஒருவர் மடியில் ஒரு குழந்தைதான். இரட்டைக் குழந்தைகளுடன் தாய் தனியே போக நினைத்தால், கம்பெனியை முன்கூட்டியே கேட்பது அவசியம்.

காது ஏன் வலிக்கிறது?

விமானம் சுமார் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. உள்ளே செயற்கையாகக் காற்றழுத்தம் கொடுக்கிறார்கள். ஆனாலும், அது 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போலத்தான். அதாவது, கொடைக்கானலில் இருப்பது போல!

மலையிலிருந்து பஸ் இறங்கும்போது காது அடைக்கிறதல்லவா? அதே கதைதான். பெரியவர்கள் எச்சிலை விழுங்கிச் சரி செய்துகொள்வார்கள். குழந்தைக்கு அது தெரியாது, வீறிட்டு அழும்.

இதற்கு மருந்து தாய்ப்பாலே! பால் குடிக்கும்போது குழந்தை விழுங்குகிறது, காது திறக்கிறது. விமானம் இறங்கத் தொடங்கும்போது பால் கொடுக்க வேண்டும். தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். குழந்தைக்குச் சளியோ, காது வலியோ இருந்தால் முன்னதாக டாக்டரிடம் காட்டுவது நல்லது.

குழந்தை தூங்குவதற்காக மருந்து கொடுப்பது ஆபத்து. தூக்க மருந்து சில குழந்தைகளைத் தூங்க விடாமல் செய்வதும் உண்டு!

தொட்டில் கிடைக்குமா?

பெரிய விமானங்களில் முன்சுவரில் மாட்டும் தொட்டில் கொடுப்பார்கள். முன்பே சொல்லி வைக்க வேண்டும். சுமார் 10 கிலோ எடை வரை தாங்கும். குறுகலான சிறு விமானங்களில் பெரும்பாலும் தொட்டில் இருக்காது. விமானம் ஏறும்போதும், இறங்கும்போதும், குலுங்கும்போதும் குழந்தை தொட்டிலில் இருக்கக்கூடாது. தாயின் பெல்ட்டோடு சேரும் சிறு பெல்ட்டைப் பணிப்பெண்ணிடம் கேட்டு வாங்கிக் கட்ட வேண்டும்.

மேலிருந்து பிராணவாயு முகமூடி விழுந்தால், தாய் முதலில் தான் அணிய வேண்டும். கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். 35,000 அடியில் ஒரு நிமிஷத்துக்குள் அவள் நினைவிழந்தால் குழந்தைக்கு யார் அணிவிப்பது?

மடி போதுமா?

1989 ஜூலை 19-ந் தேதி அமெரிக்காவில் சூ சிட்டி என்ற ஊரில் ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. 112 பேர் மாண்டனர். அதில் நாலு குழந்தைகள் தனி இருக்கை இல்லாமல் வந்திருந்தன. அக்கால வழக்கப்படி, அவர்களைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. ஒரு குழந்தை இறந்தது. இன்னொரு குழந்தை தூக்கி எறியப்பட்டது. ஒரு பயணி புகைக்குள் திரும்பிச் சென்று, அதைக் காப்பாற்றினார்.

மோதும் வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிற்காது. அதனால்தான், குழந்தைக்குத் தனி இருக்கையும், பொருத்தமான குழந்தை நாற்காலியும் சிறந்தவை என்று அமெரிக்க விமானத் துறை சொல்கிறது. ஆனால், கட்டாயம் ஆக்கவில்லை. காரணம் என்ன? செலவு கூடினால் பலர் காரில் போவார்கள். சாலை விபத்தில் அதைவிட அதிக உயிர் போகும்!

பணம் இருப்பவர்கள் தனி இருக்கை வாங்கலாம். முடியாதவர்கள் பயப்பட வேண்டாம். விமான விபத்து மிக அபூர்வம். சிறு பெல்ட்டை மட்டும் மறக்கக்கூடாது. குழந்தை அழுதால் வெட்கப்படவும் வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரரும் ஒரு காலத்தில் அழுத குழந்தைதானே!