டிராக்டரில் கட்டி இழுக்க எது சரி? சங்கிலியா, கயிறா, வயர் ரோப்பா?

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், அறந்தாங்கி பக்கம் தென்னையும் பலாவும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. விழுந்த மரங்களை அகற்ற ஜேசிபி கிடைக்காத இடங்களில் கைகொடுத்தது டிராக்டர்தான். கையில் கிடைத்த கயிறோ சங்கிலியோ மரத்தில் ஒரு முனை, வண்டியில் ஒரு முனை. "ஒரு இழு இழுத்தா வந்துடும்ணே" என்பதுதான் அன்றைய தாரக மந்திரம்.

புயல் வந்தால்தான் இந்த வேலை என்றில்லை. சீமைக் கருவேலத் தூரைப் பிடுங்குவது, பட்டுப்போன தென்னையைத் தோப்பிலிருந்து வெளியே இழுப்பது, சேற்றில் புதைந்த டிரைலரை மீட்பது என வருஷம் முழுக்க நடக்கிறது. அதிலும் 15 முதல் 25 எச்.பி. வரையுள்ள மினி டிராக்டர்கள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் ஊருக்கு வந்து ஸ்டீயரிங் பிடிக்கும் இளைஞர்களும் அதிகம்.

இழுப்பதற்கு எதைக் கட்டுகிறோம், எங்கே கட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

மினி டிராக்டர் எவ்வளவு இழுக்கும்?

மினி டிராக்டர்களின் எடை பெரும்பாலும் ஒரு டன்னுக்குச் சற்று முன்னே பின்னே. டயருக்கும் மண்ணுக்கும் உள்ள பிடிமானத்தைப் பொறுத்துத்தான் இழுவை. காய்ந்த தோட்டத்து மண்ணில், வண்டியின் எடையில் பாதி அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கலாம். அதாவது, சுமார் 500, 600 கிலோ விசை. அதற்கு மேல் போனால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஈர மண்ணில் இது இன்னும் குறையும்.

"அவ்வளவுதானா? அப்போ சாதாரணக் கயிறே தாங்குமே!" என்று தோன்றும். நிதானமாக இழுத்தால் தாங்கும். ஆனால் நாம் எப்போதும் நிதானமாக இழுப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

சுண்டி இழுத்தால் என்ன ஆகும்?

கட்டை அசையவில்லை என்றால் பலரும் செய்வது இதுதான்: வண்டியைப் பின்னால் எடுத்து, கயிற்றைத் தொய்வாக விட்டு, சட்டென்று முன்னால் பாய விடுவது.

ஒரு டன் எடையுள்ள டிராக்டர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், அதாவது நாம் நடக்கும் வேகத்தில், போகிறது என்று வைத்துக்கொள்வோம். சங்கிலி விறைத்து, 5 செ.மீ. தூரத்துக்குள் வண்டி நின்றுவிட்டால், அந்த நொடியில் சங்கிலி மேல் விழும் சராசரி விசை கிட்டத்தட்ட 2 டன். உச்ச விசை அதைப்போல இரு மடங்கு கூட ஆகலாம். ஒரு செ.மீ.க்குள் நின்றால் சராசரியே 10 டன்!

நிதானமாக இழுக்கும்போது அரை டன் இழுத்த அதே வண்டிதான் இது. இன்ஜின் பெரிதாகவில்லை, ஓட்டும் விதம்தான் மாறியது. "நேத்து தாங்குன செயின் இன்னிக்கு எப்படி அறுந்துச்சு?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

அறுந்த கயிறு ஏன் ஆளை அடிக்கிறது?

கயிறு இழுபடும்போது ரப்பர் பேண்டு போல நீள்கிறது. நீளும் அளவுக்கு அதற்குள் ஆற்றல் சேர்கிறது. அறுந்தால் அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வரும்.

10 மீட்டர் நைலான் கயிறு, ஒரு டன் விசையில் ஒன்றரை மீட்டர் நீள்கிறது என்று கொள்வோம். அதில் சேரும் ஆற்றல் சுமார் 7,500 ஜூல். 50 கிலோ சிமென்ட் மூட்டையை ஐந்தாவது மாடியிலிருந்து கீழே போட்டால் எவ்வளவு வேகமாக விழுமோ, அந்த ஆற்றல். அதே நீளமுள்ள இரும்புச் சங்கிலி ஒரு செ.மீ. அளவே நீளும். அதில் சேர்வது சுமார் 50 ஜூல். 5 கிலோ அரிசிப் பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போல.

1997 அக்டோபர் 25 அன்று தைவான் தலைநகர் தைபேயில் 1,600-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட வடம் இழுக்கும் போட்டியில் நைலான் கயிறு அறுந்தது. பின்னோக்கிப் பாய்ந்த விசையில் இரண்டு பேரின் இடது கைகள் துண்டாயின. பிறகு அறுவை சிகிச்சை மூலம் அவை இணைக்கப்பட்டன. அங்கே இருந்தது வெறும் கயிறும் மனிதர்களும் மட்டுமே. நம் தோப்பில் கயிற்று முனையில் இரும்பு ஹூக்கோ ஷேக்கிளோ வேறு இருக்கும். அறுந்தால் அது குண்டு மாதிரி பறக்கும்.

சரி, எதை வாங்கலாம்?

*சங்கிலி:* தூர், கட்டை, மரம் இழுப்பதற்கு இதுவே முதல் தேர்வு. அதிகம் நீளாது, கல்லிலும் மண்ணிலும் உரசினாலும் தாங்கும். ஆனால் எல்லாச் சங்கிலியும் ஒன்றல்ல. கடையில் எடைக்கு நிறுத்துத் தரும், எந்த முத்திரையும் இல்லாத சங்கிலி எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. 'கிரேடு 80' எனப்படும் அலாய் ஸ்டீல் சங்கிலியைக் கேளுங்கள். வளையத்தில் 8, 80 அல்லது டி என்ற முத்திரை இருக்கும். 8 மி.மீ. தடிமனில் இதன் பாதுகாப்பான சுமை 2 டன், 10 மி.மீ. என்றால் 3.15 டன். அறுபடும் விசை இதைப்போல நான்கு மடங்கு. மினி டிராக்டருக்கு 8 மி.மீ. போதும். மீட்டருக்கு ஒன்றரை கிலோ அளவில்தான் எடை வரும் என்பதால் தூக்கிப் போவதும் சுலபம். ஒரு எச்சரிக்கை: சங்கிலி நீளாது என்பதாலேயே, சுண்டி இழுத்தால் அதிர்ச்சி முழுவதும் அதன் மேல்தான் விழும். சங்கிலி போட்டால் சுண்டவே கூடாது.

*வயர் ரோப்:* எடை குறைவு, பலம் அதிகம். தூரத்திலிருந்து இழுக்க வசதி. ஆனால் பராமரிப்பு வேண்டும். ஒருமுறை மடங்கி முடிச்சு விழுந்தால், நிமிர்த்தினாலும் அந்த இடம் பலவீனம்தான். கம்பி இழைகள் அறுந்து சிலும்பிக்கொண்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கிணறு வெட்டும் கிரேனிலோ போர்வெல் வண்டியிலோ கழித்துப்போட்ட ரோப்பைச் சல்லிசாக வாங்கிவந்து மாட்டுவது வழக்கம். அங்கே கழித்ததற்குக் காரணம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். முனையில் யூ கிளாம்ப் போடும்போது, கிளாம்பின் அடிப்பகுதி சுமை தாங்கும் நீண்ட கம்பியின் மேலும், வளைந்த 'யூ' பகுதி மடக்கிய குட்டை முனையின் மேலும் உட்கார வேண்டும். 12 மி.மீ. ரோப்புக்குக் குறைந்தது மூன்று கிளாம்ப் அவசியம். தொடும்போது தோல் கையுறை கட்டாயம்.

*நைலான், பிளாஸ்டிக் கயிறு:* கடையில் 'நைலான் கயிறு' என்று கேட்டால் கிடைப்பது பல நேரம் வேறு வகை பிளாஸ்டிக் கயிறாக இருக்கும். எதுவானாலும் வெயில் பட்டுப்பட்டு நைந்துபோகும், வெளியே பார்த்தால் தெரியாது. முடிச்சுப் போட்டால் பலம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். வைக்கோல் கட்ட, பாரம் கட்ட நல்லது. அசையாத தூரைப் பிடுங்க வேண்டாம். மேலே பார்த்த சிமென்ட் மூட்டைக் கணக்கு இதற்குத்தான்.

*பெல்ட் ஸ்லிங்:* கிரேன்காரர்கள் பயன்படுத்தும் பட்டையான பாலியஸ்டர் பெல்ட். நிறத்தைப் பார்த்தே திறன் சொல்லலாம்: ஊதா ஒரு டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். மரத்தைச் சுற்றிக் கட்டவும், சிக்கிய வண்டியை மெதுவாக இழுக்கவும் ஏற்றது. கூரான கல், இரும்பு விளிம்பு பட்டால் கிழியும். ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

*தேங்காய் நார், சணல் வடம்:* ஈரத்தில் இற்றுப்போகும், பலம் என்னவென்று எங்கும் எழுதியிருக்காது. டிராக்டர் வேலைக்கு வேண்டாம்.

பலவீனமான கண்ணி எங்கே?

கிரேடு 80 சங்கிலி வாங்கி, இணைப்புக்கு வீட்டில் கிடந்த போல்ட் நட்டைப் போட்டால் மொத்தத்தின் பலமும் அந்த போல்ட்டின் பலம்தான். அறுந்த வளையத்தை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் அப்படியே. வெல்டிங் சூட்டில் அலாய் ஸ்டீலின் தன்மையே மாறிவிடும். ஷேக்கிளிலும் பாதுகாப்பான சுமை பொறிக்கப்பட்டிருக்கும். 13 மி.மீ. ஷேக்கிள் என்றால் பொதுவாக 2 டன். சங்கிலிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வாங்குங்கள். ஹூக் என்றால், கழன்று விழாதபடி பூட்டு நாக்கு உள்ளதாக இருக்கட்டும்.

வண்டியில் எங்கே கட்டுவது?

சங்கிலி அறுவதைவிடப் பெரிய ஆபத்து இங்கேதான். கட்டை அசையவில்லை, சக்கரமும் வழுக்கவில்லை என்றால் இன்ஜினின் விசை எங்கே போகும்? வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். டிராக்டர் பின்னங்கால்களில் எழும் குதிரை மாதிரி நிமிர்ந்து, ஓட்டுநர் மேலேயே கவிழும். முன் சக்கரம் எழும்பிய முக்கால் நொடியிலேயே மீட்க முடியாத நிலைக்குப் போய்விடலாம். ஒன்றரை நொடியில் எல்லாம் முடிந்துவிடும். 'ஐயோ' என்று கிளட்சை மிதிக்கக்கூட நேரம் போதாது.

இதைத் தீர்மானிப்பது, கட்டும் இடத்தின் உயரம். பின் அச்சுக்கு மேலே கட்டினால் ஆபத்து பல மடங்கு. எனவே:

• டிராபாரில் அல்லது டிரைலர் மாட்டும் ஹிட்ச்சில் மட்டும் கட்டுங்கள். ஹிட்ச்சில் பல துளைகள் இருந்தால் கீழ்த்துளை.

• டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, பின் அச்சைச் சுற்றியோ, சீட்டுக்குக் கீழேயோ ஒருபோதும் கட்டாதீர்கள். 'மேல கட்டுனா கிரிப் கிடைக்கும்' என்பது உண்மைதான். அந்த கிரிப்தான் வண்டியைக் கவிழ்க்கும்.

• வண்டி சேற்றில் சிக்கினால், பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏறப் பார்க்க வேண்டாம். சக்கரம் சுற்ற முடியாதபோது வண்டியே அச்சைச் சுற்றி நிமிரும். ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள், அல்லது இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள்.

• ரோல் பார் உள்ள டிராக்டர் என்றால் சீட் பெல்ட் போடுங்கள். ரோல் பார் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது.

இழுக்கும்போது

முதல் கியரில், குறைந்த ஆக்ஸிலரேட்டரில், சங்கிலியின் தொய்வு முழுக்கப் போகும்வரை அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். விறைத்த பிறகே இழுக்க வேண்டும், அதுவும் நேர்கோட்டில். பக்கவாட்டில் இழுத்தால் வண்டி சாயும்.

கயிறோ வயர் ரோப்போ என்றால், நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள். அறுந்தால் பாய்ச்சலை ஓரளவு மட்டுப்படுத்தும். அதை நம்பிப் பக்கத்தில் நிற்கக் கூடாது. கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரும் இருக்க வேண்டாம். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் அனுப்பிவிடுங்கள். இழுபட்டு நிற்கும் சங்கிலியைத் தாண்டுவது, காலால் மிதித்துப் பார்ப்பது, இரண்டுமே கூடாது.

அசையவில்லையா? நிறுத்திவிட்டு இறங்குங்கள். தூரைச் சுற்றி மண்ணைத் தோண்டி, பக்க வேர்களை வெட்டிவிட்டால் இழுவை பாதியாகும். மரம் நீளமென்றால் துண்டு போடுங்கள். 15 மீட்டர் பச்சைத் தென்னை ஒரு டன்னை நெருங்கும். மூன்று துண்டாக்கினால் மினி டிராக்டருக்கு அது சின்ன வேலை. வேரோடு சாய்ந்த பலா, மா போன்ற மரங்களை அறுக்கும்போது, வேர்ப்பகுதி திடீரென நிமிர்ந்து பழைய குழிக்கே திரும்பலாம். அந்தப் பக்கம் ஆள் நிற்கக் கூடாது. நின்றிருக்கும் மரத்தை மினி டிராக்டரால் சாய்க்கும் முயற்சியே வேண்டாம்.

புயலுக்குப் பிறகு என்றால், மரத்தோடு மின்கம்பி ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் சங்கிலியைத் தொடாதீர்கள். இரும்புச் சங்கிலி மின்சாரத்தை நேராக வண்டிக்கே கொண்டுவரும்.

கடைக்குப் போகும் முன் சேவ் செய்துகொள்ள

1. கிரேடு 80 முத்திரையுள்ள 8 மி.மீ. சங்கிலி, 5 முதல் 6 மீட்டர்.
2. 2 டன் பொறிக்கப்பட்ட ஷேக்கிள், இரண்டு.
3. மரத்தைச் சுற்ற 2 டன் பச்சை பெல்ட் ஒன்று.
4. தோல் கையுறை.
5. பாதுகாப்பான சுமை எவ்வளவு என்று எழுதியே இல்லாத பொருளை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, டிராக்டர் டூல் பாக்ஸில் கிடக்கும் சங்கிலியை எடுத்து வளையம் வளையமாகப் பாருங்கள். நீண்டுபோனது, தேய்ந்தது, வெல்டிங் வைத்தது இருந்தால் ஆடு மாடு கட்ட வைத்துக்கொள்ளலாம், வண்டிக்கு வேண்டாம். வீட்டில் டிராக்டர் ஓட்டும் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்: "எவ்ளோ அவசரம்னாலும், கீழ கட்டுங்க. சுண்டாதீங்க."