ஆறு பேருக்கு ஒரு சஹன்

ஐரோப்பிய நாடுகளில் பனிக்கால மாலைகளில் விருந்தினர் கூடும்போது, மரப்பலகை ஒன்றின் மீது பலவகைப் பாற்கட்டிகளை அடுக்கி நடுவே வைப்பர். கெட்டியானதும் இளகியதும் கடுநெடி உடையதும் அதில் இருக்கும். இடையிடையே திராட்சையும் அத்திப்பழமும் ஊறுகாயும் இருக்கும். கொழுப்புக்குப் புளிப்பும், உப்புக்கு இனிப்பும் துணை வேண்டும் என்பதே அதன் உட்பொருள். பாற்கட்டி செய்யும் வழக்கம் நம் கரையில் வேரூன்றவில்லை. ஆயினும், அதே உட்பொருளைப் புத்தளக் கரையோரத்து முஸ்லிம் மக்கள் வேறொரு தட்டில் கண்டனர். அதற்குச் சஹன் என்று பெயர். தட்டு என்று பொருள்படும் அரபுச் சொல் அது.

இக்கரைக்கு மார்கழி நல்ல மாதம். பனி என்று சொல்லத்தக்க பனி இங்கில்லை. விடியற்காலையில் ஒரு போர்வையைத் தேடும் அளவே குளிர். வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும் காலத்தில், மேற்கே கற்பிட்டி முதல் சிலாபம் வரை கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அறுக்குளாவும் நண்டும் இறாலும் கரையேறும் காலம் இது. ஆண்டிறுதி விடுமுறையில் உறவினரும் வந்து சேர்வர். ஆகவே சஹன் வைக்க இதைவிட ஏற்ற பருவம் ஏது?

சஹனின் அடித்தளம் சோறு. ஆறு பேருக்கு ஏறக்குறைய 1 கிலோ சம்பா அரிசி போதும். நெய்யில் வெங்காயமும் ரம்பையும் ஏலமும் கராம்பும் கறுவாவும் வதங்கிய பின்னரே அரிசி சேர வேண்டும். கறுவாவைச் சொல்லும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா, பத்தாலா என்னும் பட்டினத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் அங்கே கடற்கரையெங்கும் குவிந்து கிடந்ததாக எழுதியிருக்கின்றார். அப்பட்டினம் புத்தளமே என்பது பலரின் கருத்து. இன்றைய சமையலறையில் அதே கறுவாவைத் துண்டு துண்டாக எண்ணிப் போடுகின்றோம்!

சோற்றைச் சஹனில் மலைபோலக் குவித்தல் தவறு. பரப்பி, நடுவைச் சற்றே உயர்த்தினால் போதும். நடுவில் ஆட்டிறைச்சிக் கறி. அதன் மேல் பொரித்த கோழி. கோழித் துண்டுகள் ஆறுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இது சிறு விடயம் போலத் தோன்றும். ஆனால், ஐந்து துண்டுகளே இருந்தால் ஆறாமவர் கையை நீட்டமாட்டார். மற்ற ஐவரும் அவர் பொருட்டுத் தயங்குவர். இறுதியில் ஒருவரும் வயிறார உண்ணார். துணைக்கறிகளையும் அவ்வாறே ஆறு பக்கத்திலும் எட்டும்படி பிரித்து வைக்க வேண்டும். ஏனெனில், தமக்கு முன்னால் உள்ளதை உண்ணுமாறு நபிகள் நாயகம் கற்பித்தார். பிறர் பக்கத்தில் கையை நீட்டுதல் மரியாதையன்று. ஓரிடத்தில் மட்டும் அச்சாறு இருந்தால், அதற்கு எதிரே இருப்பவர் அதன் மணத்தை மட்டுமே நுகர்வார்.

அச்சாறு இன்றிச் சஹன் நிறைவுறாது. ஈச்சம்பழம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அரைத்த கடுகு, வினாகிரி ஆகியவை சேர்ந்து ஊறிய மலாய் அச்சாறு நெய்யின் கனத்தை அறுத்து, அடுத்த கவளத்துக்கு நாவை ஆயத்தப்படுத்தும். அதனை இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிடுதல் நன்று. பொரித்த கத்தரிக்காய், அன்னாசிக் கறி, புதினாச் சம்பல் ஆகியவற்றுள் இரண்டு இருந்தால் போதும். எட்டும் பத்தும் வைப்பது இப்போது பெருமையாகக் கருதப்படுகின்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவைகள் ஒன்றோடொன்று கலந்து எதுவும் துலங்காமற் போவதுடன், மிச்சமும் மிகுதியாகும்.

ஆறு பேரும் பாயில் வட்டமாக அமர்வர். தோணி உரிமையாளரும் அத்தோணியில் வலை இழுப்பவரும் ஒரே சஹனில் கைவைக்கும்போது, யார் யாரென்பது சோற்றுக்குத் தெரிவதில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பகுதியினர் வந்து தங்கியது இப்புத்தளத்து மண்ணிலேதான். வந்தவர்க்கும் இருந்தவர்க்கும் இடையே பின்னாளில் காணி, தொழில் முதலியவற்றால் மனத்தாங்கல்கள் எழாமல் இல்லை. எனினும், அயலவருடன் ஒரே தட்டில் உண்டபின் அவரை அயலவர் என்று அழைப்பது எளிதன்று.

2020இல் கொள்ளைநோய் பரவியபோது ஒரே தட்டில் உண்பது அச்சத்துக்குரியதாயிற்று. பொதிச்சோறு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. தனித்தனியே பரிமாறுதல் வசதியானது என்பதை மறுக்க முடியாது. நோயுற்றவர்க்கு அதுவே தக்கதுமாகும். ஆனால், பொதியை வாங்கியவர் எழுந்து போய்விடுவார். சஹனில் அமர்ந்தவரோ ஆறாமவர் உண்டு முடிக்கும்வரை மெதுவாகக் கவளம் பிசைந்துகொண்டிருப்பார்.

கை கழுவிய பின் வட்டிலப்பம். தேங்காய்ப்பாலும் முட்டையும் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் சாதிக்காயும் சேர்த்து ஆவியில் அவித்த இதனை, முதல்நாள் இரவே அவித்து ஆறவைத்தல் வேண்டும். சுடச்சுட வெட்டினால் உடைந்துபோகும்.